குரோனோகிராஃபுக்கு வி.கே.63 பொருத்தலாமா, வி.கே.64 பொருத்தலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். கைவசம் உள்ள 40 மி.மீ. எஃகு உறையில் ஒரு குரோனோகிராஃப் (நிறுத்துக்கடிகார வசதியுள்ள) கைக்கடிகாரத்தை நானே கோத்து முடிக்க விரும்புகிறேன். நேரத்தைக் குவார்ட்ஸ் படிகமும் மின்கலமும் காக்க, நிறுத்துமுள்ளை, அதாவது நிறுத்துக்கடிகாரத்தின் நொடிமுள்ளை, பூச்சியத்துக்குத் திருப்பும் வேலையை மட்டும் சிறு சுத்தியலும் இதய வடிவச் சுழல்தகடும் (கேம்) செய்கின்ற மெக்காகுவார்ட்ஸ் இயந்திரமே என் தேவை. பொத்தானை அழுத்தியவுடன் முள் சட்டென்று தாவித் திரும்புவதையும், ஓடும்போது நொடிக்கு 5 அடி வைப்பதையும் சாதாரண குவார்ட்ஸ் குரோனோகிராஃபில் பெரும்பாலும் காண முடியாது. மின்கலமே இல்லாத முழு இயந்திரக் குரோனோகிராஃபின் விலையோ எனக்கு எட்டாது.

ஆகவே ஜப்பானிய கடிகார நிறுவனமான சைக்கோவின் வி.கே. மெக்காகுவார்ட்ஸ் வரிசையோடு தேடலை நிறுத்திக்கொண்டேன். வி.கே.64-இல் இடப்புறம் 60 நிமிடக் கணிப்பான், வலப்புறம் 24 மணி முள் என இரண்டே சிறுவட்டங்கள் இருப்பதால் முகப்பு நெரிசலின்றி அழகாக அமைகிறது. ஆனால் ஓடும் நொடிமுள் கிடையாது என்பதால், கடிகாரம் நின்றுவிட்டதா என்பதை ஒரே பார்வையில் அறிய இயலாது. வி.கே.63-இல் அந்த நொடிமுள் 6 மணி இடத்தில் உண்டு. 24 மணி முள் இரண்டிலும் எனக்கு வீண்தான்.

இவற்றைப் பயன்படுத்தியவர்கள் மூன்று ஐயங்களைத் தீர்த்துவைக்க வேண்டுகிறேன். வி.கே.63-க்கான முகப்பும் முட்களும் உதிரியாக எளிதில் கிடைக்கின்றனவா? நிறுத்துமுள்ளைப் பொருத்தும்போது அது சரியாகப் பூச்சியத்தில் நிற்க என்ன செய்கிறீர்கள்? நாட்பட்ட பயன்பாட்டில் பொத்தானின் அழுத்தம் தளர்கிறதா?