மறு: பழைய கார்களுக்கான ‘அசல் போன்ற’ போல்ட், நட்டு – சொல் வேண்டும்

வணக்கம் நண்பர்களே,

பழைய கார்களுக்காக இன்று புதிதாகச் செய்தும் பார்வைக்கு அசல் போலவே இருக்கும் போல்ட், நட்டுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு இந்த இழையில் வந்த யோசனைகளை மேற்கோள் காட்டி என் பதிலை எழுதுகிறேன்.

> ‘அசலொத்த வன்பொருள்’ என்று வைக்கலாமே? கேட்டவுடன் விளங்குகிறது.

விளங்குவது வேறு ஏதோ, ஐயா. ‘வன்பொருள்’ என்றால் இன்று எல்லோருக்கும் கணினிதான் நினைவுக்கு வரும். ‘அசலொத்த’ அதைவிட ஆபத்து. பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு வாரம் புழங்கினால் போதும், ‘ஒத்த’ உதிர்ந்து ‘அசல்’ மட்டும் நிற்கும். விற்பவருக்கு வசதி, வாங்கியவர் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நாம் எதற்குப் பெயர் தேடுகிறோம் என்பதை ஒரு வண்டியை வைத்தே பார்த்துவிடலாம். ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1959-இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்தது, 1961 முதல் சென்னையிலும் தயாரானது. சேசிஸ் தனி, அதன்மேல் பாடியைப் பல துண்டுகளாகச் செய்து போல்ட் போட்டுக் கோத்திருப்பார்கள். பானெட் முழுசாக முன்பக்கம் சாயும். சாய்த்தால் எஞ்சினிலிருந்து முன் சஸ்பென்ஷன் வரை எல்லாம் கண்ணெதிரே. அதனால் இந்த வண்டியில் போல்ட்டின் தலை வண்டியின் முகத்தோடு சேர்ந்தது.

அந்தப் போல்ட்டுகள் அங்குல அளவு, யூஎன்எஃப் மரை, அதாவது திருகு வெட்டு நெருக்கமாக ஓடும் அங்குலத் தரம். அக்காலப் பிரிட்டிஷ் போல்ட்டுகள் பலவற்றில் தலை நடுவே வட்டமான குழிவு இருக்கும். சிலவற்றில் பக்கவாட்டில் சின்ன வட்டங்கள் தொடுத்தாற்போல் இருக்கும். துருவைத் தடுக்கும் காட்மிய உலோகப் பூச்சு அப்போது பரவலாக இருந்தது. மங்கிய சாம்பல் நிறம், பளபளப்பு கிடையாது.

இன்று கடையில் சாதாரணமாகக் கையில் வருவது எட்டு மில்லிமீட்டர் போல்ட். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ., கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அரை அங்குலத் தலையில் 13-ஆம் நம்பர் ஸ்பேனரும் உட்கார்ந்துவிடும். ஆனால் பழையதில் அங்குலத்துக்கு 24 மரை, அதாவது மரைக்கு மரை ஏறக்குறைய 1.06 மி.மீ.; புதியதில் 1.25. ஓரிரு சுற்று சமர்த்தாகப் போகும், அப்புறம் இறுகும். “நல்லா டைட்டா இருக்கு” என்று பையன் இன்னும் ஓர் இழுப்பு இழுத்தால் எதிரில் உள்ள மரை போயிற்று.

சரி, அங்குல மரையிலேயே புதுப் போல்ட் வாங்கினால்? கிடைக்கிறது. ஆனால் தலையில் ஆறு கோடும் மஞ்சள் பூச்சுமாக, பானெட்டைத் திறந்ததும் அது மட்டும் பல்லை இளிக்கும். அந்த ஆறு கோடு கிரேடு 8 என்ற வலுத்தரத்தின் அடையாளம், வலுவில் குறை சொல்ல முடியாது, பார்வைக்குத்தான் பொருந்தாது. சிலர் எதிர்ப்பக்கம் போய் ஸ்டெயின்லெஸ் போடுகிறார்கள். துருப்பிடிக்காது, பாலிஷ் மின்னும். ஆனால் ஸ்டெயின்லெஸ்ஸில் வழக்கமான ஏ2-70 ரகத்தின் இழுவலு (இழுத்தால் அறாமல் தாங்கும் வலு) 700 மெகாபாஸ்கல். மூன்று கோடு போட்ட கிரேடு 5 அதைத் தாண்டி 820-க்கு மேல் நிற்கிறது. தவிர, ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் நட்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நம்பர் பிளேட்டுக்குப் போடுங்கள், சஸ்பென்ஷனுக்கு வேண்டாம்.

ஆக, பார்வை ஒரு கணக்கு, வலு வேறு கணக்கு. நம் சொல் பார்வைக்கு மட்டும் பொறுப்பேற்க வேண்டும். வலுவைப் பற்றி வாக்குக் கொடுக்கக் கூடாது. அதனால் என் பரிந்துரை: சாயலாணி. ஒரு பையனை ‘அப்பா சாயல்’ என்றால் அவனையே அப்பா என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

> ஆணி என்றால் சுவரில் அடிப்பது அல்லவா?

அச்சாணியைச் சுவரிலா அடிக்கிறோம்? திருகாணி, மரையாணி, தறையாணி, கடையாணி எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. போல்ட், ஸ்க்ரூ, ரிவெட் மூன்றும் அந்தக் குடும்பத்தில் அடங்கிவிடும். நட்டும் வாஷரும் அப்படியே இருக்கட்டும், பட்டறையில் வேறு எதுவும் செல்லாது.

வரையறையை இப்படி எழுதலாம்: ‘அக்கால மரை, தலையளவு, தலை வடிவம், பூச்சு நிறம் ஆகியவை பொருந்துமாறு இக்காலத்தில் செய்யப்பட்ட ஆணி, வலுத்தரம் தனியே குறிக்கப்பட வேண்டும்.’ கடைசிப் பகுதியை வெட்டிவிடாதீர்கள். கோடு தெரிகிறதே என்று தலையை அரத்தால் ராவி வழவழப்பாக்குகிறவர்கள் உண்டு. ஆஷ்ட்ரே திருகென்றால் பரவாயில்லை. ஸ்டியரிங்கில் அப்படிச் செய்தால் அடுத்து கழற்றும் மெக்கானிக்குக் கையில் இருப்பது எந்தத் தரம் என்றே தெரியாது. ஊர் நம்மை ஏற்கெனவே மரை கழன்ற கூட்டம் என்கிறது, அதை மெய்ப்பிக்க வேண்டாம்.

> பழையதையே சுத்தம் செய்து பூச்சுப் போட்டால் மீட்பாணி. அக்காலத்தில் செய்து விற்காமல் கிடந்தது இருப்பாணி.

மீட்பாணி அருமை, அப்படியே ஏற்கலாம். ஒரு குறிப்பு மட்டும் சேருங்கள்: 10.9 என்று தரம் குறித்த உயர்வலுப் போல்ட் போன்றவற்றை அமிலத்தில் கழுவி மின்பூச்சுப் போட்டால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, பிறகு சுமை ஏறும்போது திடீரென முறியலாம். பூச்சு முடிந்த கையோடு 200 டிகிரி செல்சியஸ் அளவில் பல மணி நேரம் சூடேற்றி அதை வெளியேற்ற வேண்டும். தெருமுனை முலாம் கடையில் இதைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இருப்பாணிதான் உதைக்கிறது. இருப்புப்பாதையில் வரும் ‘இருப்பு’ இரும்பு; அந்தக் கணக்கில் இருப்பாணி என்றால் வெறும் இரும்பு ஆணி. அகராதிக்காரர்கள் முதல் நாளே பிடித்துவிடுவார்கள். ‘கிடங்காணி’ என்று யோசித்தேன், வாயில் நிற்கவில்லை. ‘பழஞ்சரக்கு’ என்றால் ஊசிப்போன மாதிரி இருக்கிறது. வேறு யாரிடமாவது சொல் இருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள். சாயலாணி, மீட்பாணி இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடலாம் என்று நினைக்கிறேன்.