கோபமாக வந்த இஷ்யூவை (பிழைப் புகாரை) மூடலாமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தெப்பக்குளத்தான்:
பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகளை யூனிகோடாக மாற்றும் எங்கள் கருவி இங்கே பலருக்குத் தெரியும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். அந்த எழுத்துருக்களில் ஔகாரத்துக்குத் தனிக் குறி கிடையாது. ஒற்றைக்கொம்பு, க, ள என்று வரிசையாகத் தட்டுவார்கள். மாற்றும்போது கௌரவம் 'கெளரவம்' ஆகிவிடும், தேடினால் கிடைக்காது. இதற்கு ஒரு பேட்ச் (திருத்த நிரல்) சேர்த்தோம்: கொம்பு போட்ட எழுத்துக்குப் பின்னால் வரும் ளகரத்துக்குப் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாவிட்டால் அது ஔகாரம். வெள்ளி, தெளிவு எல்லாம் தப்பித்தன.

அப்புறம் ஒருவர் இஷ்யூ போட்டார். "எங்கள் ஊர்க் கதைகளை நாசம் பண்ணிவிட்டீர்கள், படித்தவர்கள் செய்கிற வேலையா இது" என்று ஆரம்பம். கோப்பும் இணைத்திருந்தார். எங்களில் இருவர் திறந்து பார்த்தார்கள், எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. 'பிழை எதுவும் இல்லை, மரியாதையாகப் பேசவும்' என்று எழுதி மூடிவிட்டார்கள். அவர் இன்னும் சூடாக எழுதினார். வேண்டாம், பொறுங்கள் என்று நான் சொல்லியும் மறுபடி மூடினார்கள்.

ஆள் மதுரைதான் என்று தெரிந்ததும் தல்லாகுளத்தில் நாங்கள் கூடும் இடத்துக்கு வரச் சொன்னேன். வந்தவர் பார்வையில்லாத ஆசிரியர். லேப்டாப்பில், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. மென்பொருளை ஓடவிட்டார். உசிலம்பட்டிப் பக்கத்துப் பேச்சில் எழுதிய கதை அது. 'வெளக்கு' வர வேண்டிய இடத்தில் அந்தக் குரல் 'வவுக்கு' என்றது. 'வெளங்காத பய' 'வவுங்காத பய' ஆனான். எங்கள் ஆள், அதாவது மூடியவர்களில் ஒருவர், திரையை எட்டிப் பார்த்து "இங்கே சரியாத்தானே சார் இருக்கு" என்றார். "பாக்காதீங்க தம்பி, கேளுங்க" என்று அதே வரியை மறுபடி ஓடவிட்டார். மறுபடியும் 'வவுக்கு'. வெள, வௌ இரண்டும் திரையில் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். காதுக்கு மட்டும்தான் வேறு.

அன்றே இஷ்யூவைத் திறந்துவிட்டோம். ஆனால் மூடியவர் இன்னமும் "பார்வை இல்லை என்று முதலிலேயே எழுதியிருக்கலாமே" என்கிறார். ஒரு பிழையைச் சொல்ல வருகிறவர் தன் உடம்பைப் பற்றியும் சொன்னால்தான் நம்புவோமா? இது எனக்கு ஆறவே இல்லை.

மேலூர்_கமிட்:
சாருக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் இதை வைத்துக் கோபத்துக்கெல்லாம் வழிவிடச் சொல்லாதீர்கள். நான் பேருந்து நேரம் காட்டும் சின்ன ஆப் ஒன்றைச் சும்மா, சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறேன். மாட்டுத்தாவணியில் பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவர் என் அம்மாவை இழுத்துத் திட்டி எழுதினார். அதை வீட்டில் அம்மாவே படித்துவிட்டார். அந்த முகத்தை மறக்க முடியவில்லை.

கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் என்ன நடந்தது? 2022-ல் முன்பின் தெரியாத கணக்குகள் வந்து 'ஏன் தாமதம், வேறு ஆளிடம் கொடு' என்று மெயின்டெய்னரை, அதாவது அதைப் பராமரிப்பவரை, நெருக்கின. உதவ வந்தவர் மாதிரி ஒருவர் உள்ளே நுழைந்தார். 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் ஏறியது. தூரத்துக் கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் கொஞ்சம் மந்தமாவதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற நிரலாளர் கவனித்ததால்தான் 2024 மார்ச்சில் பிடிபட்டது. வசவுக்கெல்லாம் இறங்கிப் போனால் வாசல் திறக்கும்.

திருமங்கலம்_நிரலி:
மேலூர் அண்ணா, மெயின்டெய்னர்கள் பேசும் பேச்சும் இருக்கிறதே. கல்லூரி லேபில் உட்கார்ந்து முதல் புல் ரிக்வெஸ்ட் (நிரலில் மாற்றம் சேர்க்கக் கோரிக்கை) அனுப்பினேன். ரிவ்யூவில் ஒரே சொல்: 'குப்பை'. என்ன குப்பை, எந்த வரி, எதுவும் இல்லை. பக்கத்தில் இருந்த தோழிகள் படிப்பதற்குள் லேப்டாப்பை மூடினேன். அந்தத் திட்டத்துக்கு அப்புறம் போகவில்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில் தன் மின்னஞ்சல்களின் கடுமைக்கு மன்னிப்புக் கேட்டுக் கொஞ்ச காலம் ஒதுங்கினார். அவரால் முடிந்தது இவர்களால் ஏன் முடியாது?

பழங்காநத்தம்_பெரியவர்:
எனக்கும் ஒரு பழைய சண்டை உண்டு. விசைப்பலகை அமைப்பைப் பற்றி. அந்த நண்பர் இன்றும் பேசுவதில்லை.

சரி, நான் சொல்வதைக் கேளுங்கள். இஷ்யூ படிவத்தில் 'எதை வைத்துச் சோதித்தீர்கள்: திரை, அச்சு, ஒலி' என்று ஒரு கேள்வி சேருங்கள். அப்படிச் சேர்த்தால் யாரும் தன் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. நிரலை எழுதியவரே அதன் மீதான புகாரை மூடக்கூடாது. வேறு ஒருவர் பார்க்கட்டும். மூடினால் எந்தக் கோப்பு, எந்தப் பதிப்பு, என்ன பார்த்தோம் என்று காரணம் எழுதுங்கள். வசவு இருந்தால் அந்த வரியை மட்டும் மறைத்துவிட்டு, பிழையைத் தனி இஷ்யூவாகப் பதியுங்கள். சூடு ஏறினால் அந்த இஷ்யூவை ஒரு நாள் பூட்டி வையுங்கள், நிரந்தரமாக அல்ல. பெரிய முடிவுகளை ஒருவர் தலையில் கட்டாதீர்கள். பைதான் நிரல்மொழியில் பெப் 572 என்ற மாற்ற யோசனை பற்றிய சண்டை முடிந்த கையோடு, 2018 ஜூலையில் அதை உருவாக்கிய கீடோ வான் ராஸம் தலைமையிலிருந்து விலகினார். பிறகுதான் ஐந்து பேர் குழு வந்தது. நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். அப்புறம் இருவர் மூடியதை மூன்றாமவர் திறக்கலாம் என்று விதியும் எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடிய இஷ்யூக்களைப் புரட்டுங்கள்.

தெப்பக்குளத்தான்:
பெரியவர் ஐயா, ஒலிக் கேள்வி நல்ல யோசனை, சேர்க்கிறோம். மேலூர், உங்கள் அம்மாவுக்கு நடந்தது தாங்கவே முடியாதது, அந்த மாதிரி வசவை நீக்குவது சரி. ஆனால் எக்ஸ்இசட் ஆட்கள் வெறும் நெருக்கடி கொடுத்தார்கள். சார் கோப்பு கொடுத்தார். கோப்பைத் திறந்தவர்கள் அதற்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் இருக்கும் எண் குறியீட்டையும் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

இப்போது அந்தப் பொது விதியை எடுத்துவிட்டோம். கௌரவம், பௌர்ணமி, வௌவால் என்று பட்டியலில் உள்ள சொற்கள் மட்டும் ஔகாரமாக மாறும். மற்றதெல்லாம் தட்டியபடியே இருக்கும், சந்தேகம் என்ற குறியோடு. பட்டியலை சாரும் நிரலியும் சேர்ந்து பார்த்தால் எனக்குச் சந்தோஷம். நிரலி, வருகிறீர்களா? 'வெளக்கு', 'கெளப்பு' மாதிரி உங்கள் பக்கத்துப் பேச்சுச் சொற்களை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம்.