வேலை போனதற்கு ஏஐதான் காரணம் என்கிறார்கள், நம்பலாமா?

ஸ்பிரிங்_பூட்_ஆள்:
வணக்கம். ஜாவா பேக்எண்ட், ஆறு வருட அனுபவம். போன மாதம் எங்கள் டீமில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள், அதில் நானும் ஒருவன். மீட்டிங்கில் சொன்ன காரணம், "ஏஐ வந்துவிட்டது, இனி இத்தனை பேர் தேவையில்லை". எங்களிடம் இருந்ததோ, கோடு எழுத உதவும் ஏஐ டூலான கோபைலட்டின் லைசென்ஸ் மட்டும்தான். அதிலும் பெரும்பாலும் யூனிட் டெஸ்ட்தான், அதாவது கோடின் சின்னச் சின்னப் பகுதிகளைச் சோதிக்கும் டெஸ்ட்தான் எழுதினோம். பேமென்ட் ரீகன்சிலியேஷனில், அதாவது போன பணமும் வந்த பணமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதில், கணக்கு இடித்தால் இன்றைக்கும் நாலு பேர் உட்கார்ந்து லாக் பார்த்தால்தான் தீரும். அப்படியிருக்க என் வேலையை இப்போது எது செய்கிறது?

நிஜமாகவே ஏஐதான் காரணமா? ஏதாவது ஏஐ கோர்ஸ் முடித்துவிட்டு வேலை தேடுவதா, இல்லை இப்போதே தேடுவதா? "புரோகிராமிங் செத்துவிட்டது" வகை வீடியோ லிங்க் வேண்டாம், எல்லாம் பார்த்தாயிற்று.

லெகசி_கோடு:
தம்பி, ஆள்குறைப்புப் பட்டியல் தயாராகும் அறையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே முதலில் வருவது ஒரு தொகை: இந்தக் காலாண்டில் இவ்வளவு செலவு குறைய வேண்டும். அப்புறம் பெயர்கள். காரணத்தைக் கடைசியில்தான் எழுதுவார்கள். "தேவைக்கு மேல் ஆள் எடுத்துவிட்டோம்" என்று சொன்னால் நிர்வாகத்துக்கு அவமானம். "ஏஐ" என்றால் முதலீட்டாளர்கள் கைதட்டுவார்கள்.

தேதிகளைப் பாருங்கள். மெட்டா 11,000 பேரை அனுப்பியது 2022 நவம்பர் 9-ஆம் தேதி. சாட்ஜிபிடி வெளிவந்ததே அதே மாதம் 30-ஆம் தேதிதான். 2023 ஜனவரியில் கூகுள் 12,000, மைக்ரோசாஃப்ட் 10,000. அன்றைக்கு எந்த ஏஐயும் யாருடைய வேலையையும் முடித்துக் கொடுக்கவில்லை. கொரோனா காலத்தில் கண்மண் தெரியாமல் ஆள் எடுத்ததும், பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்த அமெரிக்க வட்டி 2023 ஜூலைக்குள் 5.25 சதவீதத்தைத் தாண்டியதும்தான் பெரிய காரணங்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. மென்பொருள் உருவாக்கும் செலவை அந்தந்த வருடமே வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளும் வசதியை அமெரிக்கா 2022 முதல் எடுத்துவிட்டது. உள்நாட்டில் செய்த வேலை என்றால் 5 வருடம், வெளிநாட்டில் செய்தது என்றால் 15 வருடம் பிரித்துக் கழிக்க வேண்டும். 2025-ல் உள்நாட்டுக்கு மட்டும் பழைய வசதி திரும்பியது. இடையில், செலவை முழுதாகக் கழிக்க முடியாததால், லாபமே இல்லாத சின்ன கம்பெனியும் வரி கட்ட நேர்ந்தது.

இன்னொரு கோணமும் இருக்கிறது. பெரிய கம்பெனிகளில் ஏஐ உங்கள் வேலையைச் செய்யாவிட்டாலும் உங்கள் சம்பளத்தைத் தின்னும். டேட்டா சென்டருக்கும் சிப்புக்கும் போகிற பணம் எங்கிருந்தாவது வர வேண்டுமே.

ரிக்ரஷன்_ராணி:
லெகசி அண்ணா சொல்வது பாதி சரி. எல்லாமே சாக்கு என்றால் ஏன் புதியவர்கள் மட்டும் இப்படி அடிபடுகிறார்கள்? ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களை வைத்து 2025-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 22 முதல் 25 வயதுள்ள டெவலப்பர்களின் வேலைகள், 2022 இறுதியில் இருந்த உச்சத்திலிருந்து கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருக்கின்றன. வயதில் மூத்தவர்களுக்கு அப்படி இல்லை. வட்டிக்கு வயது தெரியாதே!

நான் டெஸ்டிங்கில் இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவருக்கு முன்பு ஒரு ஃபார்ம் வேலிடேஷனோ சின்ன பக்கோ கொடுத்துப் பழக்குவோம். இப்போது அந்த வேலையை சீனியரே ஏஐ டூலிடம் கொடுத்து மதியத்துக்குள் மூடிவிடுகிறார். அதனால் புதிய ஆள் கேட்டு யாரும் மேலே எழுதுவதே இல்லை. ஆளைத் தூக்குவதைவிட இது சத்தமில்லாமல் நடக்கிறது.

வேகம் என்று சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். மெட்ர் என்ற அமைப்பு 2025-ல் வெளியிட்ட சோதனையில், தங்களுக்கு நன்றாகப் பழகிய ஓப்பன் சோர்ஸ் கோடில் 16 டெவலப்பர்கள் 246 வேலைகள் செய்தார்கள். ஏஐ பயன்படுத்தியபோது 19 சதவீதம் நேரம் கூடுதலாக ஆனது. அவர்களோ 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது அன்றைய டூல், கணக்கு மாறலாம். ஆனால் டூல் எழுதும் டெஸ்ட்டைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான். கோடு என்ன செய்கிறதோ அதையே சரி என்று எடுத்துக்கொண்டு பச்சை விளக்கு காட்டும். பில்லில் வரித்தொகையைத் தப்பாகக் கணக்கிட்டாலும் பச்சைதான்.

ஸ்பிரிங்_பூட்_ஆள்:
இரண்டு பேருக்கும் நன்றி. அப்போ கோர்ஸ்?

லெகசி_கோடு:
ராணி சொன்ன புதியவர் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். கோர்ஸுக்காகக் காத்திருக்க வேண்டாம், இன்றே தேடுங்கள். நேர்காணலில் நான் சான்றிதழைப் பார்ப்பதில்லை. டூலையே கையில் கொடுத்து, அது எழுதியதில் எதை வேண்டாம் என்று தள்ளுகிறார், ஏன் தள்ளுகிறார் என்று பார்க்கிறேன். ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தால் பணம் இரண்டு முறை போகுமா என்று கேட்கிற ஆள் எனக்குப் போதும். ரெஸ்யூமேயிலும் "மைக்ரோசர்வீஸ் அனுபவம்" என்று நிரப்பாமல், நீங்கள் பிடித்த ஒரு கணக்கு வித்தியாசத்தை நாலு வரியில் எழுதுங்கள். டூலை வீட்டில் ஒரு சின்ன புராஜெக்டில் தினமும் ஓட்டிப் பாருங்கள், அது போதும்.

ரிக்ரஷன்_ராணி:
சம்பளச் சீட்டு, அனுபவச் சான்றிதழ் எல்லாம் கையில் இருக்கிறதா? போர்ட்டல் லாகினை மூடிவிட்டால் எச்ஆர் பின்னால் அலைய வேண்டியிருக்கும். இல்லையென்றால் இன்றைக்கே மெயில் போடுங்கள்.