மறு: மறு: விண்வெளியில் குப்பை அள்ளுபவருக்குத் தமிழில் என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம்.

'பிளானட்டெஸ்' என்ற ஜப்பானிய அனிமே தொடருக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 26 அத்தியாயம். முதல் அத்தியாயத்திலேயே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

பார்க்காதவர்களுக்காக: மகோதோ யுகிமுராவின் மாங்காவை (ஜப்பானியப் படக்கதையை) வைத்து சன்ரைஸ் நிறுவனம் 2003-இல் எடுத்த தொடர். கதை நடப்பது 2075-இல். நாயகன் ஹாச்சிமாக்கிக்குச் சொந்தமாக ஒரு விண்கலம் வாங்க வேண்டும் என்று ஆசை. பார்க்கிற வேலையோ, பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் செத்த செயற்கைக்கோள்களையும் ராக்கெட் துண்டுகளையும் பொறுக்குவது. இந்த வேலை பார்ப்பவரை ஜப்பானியர் 'தெப்ரி-யா' என்கிறார்கள். 'யா' என்பது ஏறக்குறைய நம் '-காரர்'. மீன் விற்பவர் 'சகானா-யா'. பின்னால் 'சான்' போட்டால் மரியாதை, போடாவிட்டால் மொட்டை. தொடரில் மொட்டையாகத்தான் வருகிறது.

'விண்வெளிக் குப்பை அகற்றுநர்' என்று எழுதினேன். திரையில் இடத்தை அடைக்கிறது. அதைவிட, யார் வாயிலும் அது வராது. யோசனை சொல்லுங்கள்.

*

> 'விண்வெளிக் குப்பை அகற்றுநர்' என்று எழுதினேன்

'விண் தூய்மைப் பணியாளர்' எனலாமே தம்பி. துப்புரவுப் பணியாளரை அரசே அப்படி மாற்றிவிட்டது, செய்தித்தாள்களுக்கும் பழகிவிட்டது. கண்ணியமாகவும் இருக்கும்.

*

> கண்ணியமாகவும் இருக்கும்

ஐயா, அந்தக் கண்ணியம்தான் இங்கே இடிக்கிறது. தொடரில் அந்த வேலைக்கு மரியாதையே கிடையாது. டெக்னோரா என்ற பெரிய நிறுவனத்தில் லாபம் தராத ஒரு பிரிவு அது. ஆள் குறைவு, கப்பல் பழசு. மற்ற பிரிவுக்காரர்கள் அதை 'அரைப்பிரிவு' என்று கேலி செய்கிறார்கள். புதிதாகச் சேரும் தனாபேயை உட்காரவைத்து உயில் எழுதச் சொல்கிறார்கள், ஏதோ விடுப்பு விண்ணப்பம் போல. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவரை 'விண் தூய்மைப் பணியாளரே' என்று கூப்பிட்டால், கேலி செய்பவர்களையும் நல்லவர்களாக்கிவிடுவோம்.

இன்னொன்றும் உண்டு. 'துப்புரவு', 'தூய்மைப் பணி' என்ற சொற்களைக் கேட்டதும் தமிழ் வாசகருக்குச் சாதி நினைவுக்கு வரும். வரவும் வேண்டும். ஆனால் டெக்னோராவில் உள்ள ஏற்றத்தாழ்வு வேறு. எடெல்கார்ட் தற்காலிக ஊழியர், அதுதான் அவள் தலையெழுத்து. கிளேர், எல் தனிக்கா என்ற கற்பனை ஏழை நாட்டில் பிறந்து, படித்து, மேலே ஏறி, பிறகு அரைப்பிரிவுக்குத் தள்ளப்படுகிறவள். அதே நாட்டுக்காரன் ஒருவன், தன் ஊரில் செய்த விண்வெளி உடையைத் தூக்கிக்கொண்டு விற்க வருகிறான். பார்த்தவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். சோதனையில் உடை தாங்கிவிடுகிறது, அதற்குள் அவன் நாட்டில் போர். இங்கே ஒருவரைத் தீர்மானிப்பது எந்த நாட்டுக் கடவுச்சீட்டு, எந்த வகை ஒப்பந்தம் என்பவை. நம் சுமையை அந்தச் சொல்லில் ஏற்றினால் அவர்களுடைய சுமை மறைந்துவிடும்.

'குப்பை'யும் சரியில்லை. குப்பை என்றால் யாரோ கொட்டியது. தொடரின் தொடக்கத்தில் ஒரு திருகாணி பயணிகள் விண்ணூர்தியின் சன்னலைத் தாக்குகிறது, யூரி தன் மனைவியை இழக்கிறான். அவளுடைய திசைகாட்டியைத் தேடித்தான் பின்னால் இந்த வேலைக்கே வருகிறான். அந்தத் திருகாணியையும் அந்தத் திசைகாட்டியையும் ஒரே 'குப்பை'யில் போட எனக்குக் கை வரவில்லை.

என் யோசனை: உடைசல். 'ஓட்டை உடைசல்' என்று வீட்டில் தினமும் சொல்கிறோம். விண்ணுடைசல், அதை அள்ளுபவர் உடைசல்காரர்.

*

> உடைசல்

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு சந்தேகம்.

செத்துப்போன செயற்கைக்கோள் முழுசாகவே சுற்றும். எரிபொருள் தீர்ந்த ராக்கெட் அடுக்கும் அப்படித்தான். உடையாததை உடைசல் என்பதா?

அடுத்து, நிஜத்தில் மனிதர் போய் அள்ளுவதே இல்லை. ஜப்பானின் ஆஸ்ட்ரோஸ்கேல் நிறுவனம் 2024-இல் அனுப்பிய கலம், 2009-இல் ஏவிய எச்-2ஏ ராக்கெட்டின் மேலடுக்குக்குப் பக்கத்தில் 15 மீட்டர் வரை போய்ப் படம் எடுத்தது. அதில் ஆள் இல்லை. இல்லாத வேலைக்கு எதற்குக் கலைச்சொல்?

*

> உடையாததை உடைசல் என்பதா?

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு ரேடியோ கிடக்கிறது. ஒரு கீறல் இல்லை. அம்மா அதை உடைசல் என்றுதான் சொல்வார், பழைய இரும்புக்காரர் வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவார். பயன் போனால் உடைசல், அவ்வளவுதான்.

தவிர, முழுசாக இருப்பது முழுசாகவே இருக்கும் என்று யார் சொன்னது? 2009 பிப்ரவரியில் சைபீரியாவுக்கு மேலே ஏறக்குறைய 790 கி.மீ. உயரத்தில், வேலை செய்துகொண்டிருந்த இரிடியம் 33 செயற்கைக்கோளும் செத்துக் கிடந்த காஸ்மாஸ் 2251 செயற்கைக்கோளும் மோதி ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாயின. துண்டு மோதித் துண்டு பெருகும் என்று நாசா விஞ்ஞானி கெஸ்லர் 1978-லேயே எழுதிவிட்டார். அந்தப் பெருக்கத்துக்கும் 'உடைசல் பெருக்கம்' என்று வைத்துக்கொள்ளலாம். 'குப்பைப் பெருக்கம்' என்றால் மாநகராட்சிப் புகார் மாதிரி இருக்கும்.

> இல்லாத வேலைக்கு

கதையில் இருக்கிறதே. சப்டைட்டிலுக்கு அது போதும்.

*

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு நான்கு அத்தியாயத்தில் 'உடைசல்காரர்' போட்டு ஓட்டிப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டது. எதிர்பாராத ஒரு லாபமும் கிடைத்தது. ஜப்பானியத்தில் 'யா' ஒன்றுதான். நமக்கோ '-காரன்', '-காரர்' இரண்டு இருக்கின்றன. மேல்தளத்து அதிகாரி வாயில் 'உடைசல்காரன்' என்று போட்டேன், சுருக்கென்று இருந்தது. அடுத்த காட்சியில் ஹாச்சிமாக்கி தன்னையே 'நான் வெறும் உடைசல்காரன்' என்கிறான். அதே 'ன்'தான், ஆனால் தன்னைப் பற்றி நாம் எல்லோரும் அப்படித்தானே சொல்வோம். வேலையை வெறுக்கிறானா, பெருமைப்படுகிறானா என்று அவனுக்கே தெரியாத அந்தக் குரல் அப்படியே வந்துவிட்டது. பின்னால் வியாழனுக்குப் போகும் 'வான் பிரவுன்' கப்பலில் இடம் பிடிப்பதற்காக எல்லாரையும் உதறும்போது, இந்தச் சொல்லைத்தான் முதலில் உதறுவான் என்று தோன்றுகிறது. அந்த அத்தியாயங்களுக்கு இன்னும் வரவில்லை.

'அரைப்பிரிவு' அப்படியே இருக்கட்டும்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. கப்பலின் கேப்டன் ஃபீ ஒரு பெண். சிகரெட் பிடிக்க இடம் கிடைக்காவிட்டால் ஊரையே இரண்டாக்குவாள். 'உடைசல்காரி' என்று எழுதினால் கடித்துவிடுவாள், 'உடைசல்காரம்மா' என்றால் சிரித்துவிடுவாள். இப்போதைக்கு 'கேப்டன்' என்றே விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
சப்டைட்டில்காரன்