கருத்தை வலியுறுத்தி எழுதச் சொன்னால் மனப்பாடக் கட்டுரைதான் வருகிறது. என்ன செய்யலாம்?

கட்டுரைநோட்டு:
அரசு தொடக்கப்பள்ளி. 4, 5 இரண்டும் சேர்ந்த வகுப்பு, 26 பேர். "மரம் வளர்ப்போம்", "பிளாஸ்டிக்கை ஒழிப்போம்" என்று தலைப்புக் கொடுத்து உன் கருத்தை எழுது என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை போட்டு எல்லாரும் ஒரே கட்டுரையை எழுதுகிறார்கள். காரணம் கேட்டால் "அது நல்லது". இதே பிள்ளைகள் வாயால் வாதாடினால் நமக்கே பதில் வராது. எதிலிருந்து தொடங்குவது? எத்தனை பாடவேளை ஒதுக்கணும்?

செம்பருத்தி:
முதலில் தலைப்பை மாற்றுங்க டீச்சர். மரம் வளர்க்கக் கூடாது என்று சொல்ல உங்க வகுப்பில் யார் இருக்கா? ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கில் 14 வகைப் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையே இருக்கு. எதிர்த்துப் பேச ஆளே இல்லாத தலைப்பில் பிள்ளைகள் மனப்பாடத்தைத்தான் கொட்டும்.

நல்ல தலைப்பில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும். முடிவெடுக்கிற ஆள் ஒருத்தர் இருப்பார்: தலைமை ஆசிரியர், ஊராட்சித் தலைவர், வீட்டில் அம்மா. பிள்ளையே எண்ணிப் பார்த்து, கேட்டுப் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயமாகவும் இருக்கணும். "நூலகப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுக்கலாமா?", "விளையாட்டு வேளையைக் காலைக்கு மாற்றலாமா?" மாதிரி.

நூலகத் தலைப்பைக் கொடுத்தால் முதலில் இப்படித்தான் எழுதுவாங்க: "நூலகப் புத்தகத்தை வீட்டுக்குத் தர வேண்டும். ஏனெனில் புத்தகம் படிப்பது நல்லது. ஆகவே தர வேண்டும்." படிப்பது நல்லது என்பதற்குக் காரணம் இருக்கு, வீட்டுக்குத் தருவதற்கு இல்லை. "சரி, இங்கேயே உட்கார்ந்து படி" என்று தலைமை ஆசிரியர் ஒரே வரியில் முடித்துவிடுவார். இந்தப் பதிலை நீங்களே அவர் குரலில் வகுப்பில் சொல்லுங்க. பிள்ளைகள் உடனே வேற காரணம் தேடும். அப்போ வருவது: "நூலகப் பாடவேளை வாரத்துக்கு ஒன்றுதான். புத்தகம் எடுத்து உட்காரவே பத்து நிமிடம் ஆகிறது. பாதிக் கதையில் மணி அடித்துவிடுகிறது. அடுத்த வாரம் அந்தப் புத்தகம் வேறு ஒருவர் கையில் இருக்கிறது."

ஐந்து பாடவேளை போதும். முதல் வேளை முழுக்கப் பேச்சுதான். வேண்டும் என்பவர்கள் ஒரு சுவர், வேண்டாம் என்பவர்கள் எதிர்ச்சுவர். காரணம் கேட்டு மனசு மாறினால் இடம் மாறலாம். யார் எந்தக் காரணத்துக்கு நகர்ந்தாங்க என்று கரும்பலகையில் குறித்து வையுங்க, அதுதான் பலமான காரணம். இரண்டாம் வேளை எண்ணுவதற்கும் கேட்பதற்கும்: அலமாரியில் எத்தனை புத்தகம், போன வாரம் எத்தனை பேர் பாதியில் வைத்தாங்க. மூன்றாவது வேளை முதல்படி, அதாவது முதல் வரைவு எழுத. நான்காவது எதிர்க்கேள்விக்குப் பதில். ஐந்தாவது செவ்வைப்படி (திருத்தி எழுதிய இறுதிப் படி) எழுதி உரியவர் கையில் கொடுப்பது. தலைமை ஆசிரியர் இரண்டு வரியாவது பதில் எழுதித் தரணும், முடியாது என்றாலும் சரி. பதிலே வராவிட்டால் அடுத்த தலைப்புக்கு ஒருத்தரும் மெனக்கெட மாட்டாங்க.

சாக்பீஸ்தூள்:
மேலே சொன்னதோடு ஒன்று. முதல்படியைப் பேச்சுத் தமிழிலேயே எழுத விடுங்கள். "வேணும்", "ஏன்னா" எல்லாம் இருக்கட்டும். காரணத்தையும் எழுத்து நடையையும் ஒரே நேரத்தில் யோசிக்கச் சொன்னால் பிள்ளை காரணத்தைக் கைவிட்டுவிடும். மாற்றி எழுதும்போது ஒரு பிழை மட்டும் அடிக்கடி வரும்: "ஏனெனில் நேரம் குறைவாக இருப்பதால்." இரண்டில் ஒன்றுதான் வேண்டும். "நேரம் குறைவாக இருப்பதால் வீட்டுக்குத் தர வேண்டும்" என்று காரணத்தை முன்னால் வைத்து எழுதப் பழக்கினால் இந்தச் சிக்கலே வராது, படிக்கவும் இயல்பாக இருக்கும்.

கடித வடிவத்தைக் கடைசியில் கொடுங்கள். முதலிலேயே கொடுத்தால் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று பாதிப் பக்கம் போய், விடுப்பு விண்ணப்பம் மாதிரி இரண்டே வரியில் "தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்" வந்துவிடும்.

மணியோசை:
பேசாமல் ஒரு பட்டிமன்றம் வையுங்க சார்/மேடம். பேச்சு தானா எழுத்தாகிவிடும்.

சாக்பீஸ்தூள்:
ஆகாது சார். பட்டிமன்றத்தில் கைதட்டு வாங்கத்தான் பிள்ளை பழகும். எதிரணியை மடக்குவதும் நடுவர் மனதை மாற்றுவதும் ஒன்றில்லை. எழுத்திலும் "நடுவர் அவர்களே" என்று தொடங்கி நாலு பழமொழி வரும், காரணம் வராது.

எதிர்க்கேள்விப் பகுதியில் இது அப்பட்டமாகத் தெரியும். "சிலர் புத்தகம் கிழிந்துவிடும் என்பார்கள். அது தவறு" என்று எழுதுவார்கள். தவறில்லையே, கிழியத்தான் செய்யும். அதை ஒப்புக்கொண்டு வழி சொல்லப் பழக்க வேண்டும்: "கிழியலாம். அதனால் ஒரு நோட்டில் பெயர், புத்தகம், எடுத்த தேதி மூன்றும் எழுதி வைப்போம். திருப்பித் தந்தால்தான் அடுத்த புத்தகம்." நாலாம் வகுப்புக்கு இந்தப் பகுதியைக் கட்டாயமாக்க வேண்டாம்; இரண்டு நல்ல காரணம் வந்தாலே போதும்.

கட்டுரைநோட்டு:
நன்றி. அரும்பு நிலையில் (எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஆரம்பக் கற்றல் நிலை) ஐந்து பேர் இருக்கிறார்கள், வாக்கியமே திணறித்தான் எழுதுவார்கள். அவர்களை என்ன செய்வது? மதிப்பெண் எப்படிப் போடுவது?

செம்பருத்தி:
அவங்க பேச்சில் பின்தங்கியிருக்க மாட்டாங்க. நன்றாக எழுதுகிற மலர் நிலைப் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல எழுத வையுங்க. பிறகு அதில் தனக்குப் பிடித்த ஒரு காரணத்தை மட்டும் பார்த்து எழுதட்டும். காரணம் யாருடையதோ மதிப்பெண் அவங்களுக்குத்தான்.

பத்துக்கு என்றால்: கருத்து தெளிவாக இருந்தால் 1, காரணம் வாசிக்கிறவருக்குப் பொருந்தினால் 4, எண்ணியோ கேட்டோ கொண்டுவந்த சான்றுக்கு 3, எதிர்க்கேள்விக்குப் பதில் 2. நாலாம் வகுப்புக்கு அந்த 2-ஐச் சான்றோடு சேர்த்துவிடுங்க. எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீங்க. முதல்படியில் சிவப்பு மையே படக் கூடாது. ஒற்றுப்பிழையெல்லாம் செவ்வைப்படிக்கு முன்னால் இரண்டிரண்டு பேராக மாற்றிப் படித்துத் திருத்திக்கட்டும்.