"தேறாது" என்று தள்ளிவிட்ட மாணவர்கள்: எங்கிருந்து தொடங்குவது?

வகுப்பாசிரியர்:
ஒன்பதாம் வகுப்பு, கணக்கு. ஆறு பேரை "இதுங்க தேறாது" என்று முன்பு எடுத்தவர்கள் எல்லோரும் கைகழுவிவிட்டார்கள். கேட்டால் பதில் வராது, வீட்டுப்பாடம் வராது. "அன்பாகப் பேசுங்கள்" என்பதைத் தாண்டி, உருப்படியாக என்ன செய்யலாம்?

சாக்பீஸ்:
முதலில் எங்கே அறுந்தது என்று பாருங்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பத்து நிமிடம். இதற்கு மதிப்பெண் இல்லை என்று சொல்லிவிட்டு 402 − 178, 36 × 24, 1/2 + 1/3, −3 − 5, x + 7 = 12 இவற்றைக் கொடுங்கள். விடையைவிட "எப்படிப் போட்டே?" என்பதற்கு வரும் பதில்தான் முக்கியம். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிற பிள்ளை குருட்டாம்போக்கில் எழுதவில்லை. மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டுகிறது. ஒழுங்காகத்தான் செய்கிறது, விதிதான் தப்பு. −3 − 5க்கு 8 வந்தால், "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்ற பெருக்கல் விதி இங்கே வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு வாக்கியக் கணக்கை உரக்க வாசிக்கவும் சொல்லுங்கள். வாசிக்கவே திணறினால் வேலை வேறு. கரும்பலகை தெரிகிறதா என்பதையும் விட்டுவிடாதீர்கள். கண்ணாடி போட வேண்டிய பிள்ளைக்குச் சோம்பேறிப் பட்டம் கிடைப்பது உண்டு.

பிறகு தினமும் பத்து நிமிடம், அறுந்த இடத்துக்கு ஒரு படி கீழேயிருந்து. ஐந்தில் நாலு தானாக வர வேண்டும். இரண்டுதான் வருகிறதென்றால் இன்னும் கீழே இறங்குங்கள். ஆறு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து மட்டும் செய்யாதீர்கள், அது புது முத்திரை.

எழில்:
சாக்பீஸ் சொன்னது சரி, ஆனால் மீதி நேரம் வகுப்பில் என்ன நடக்கிறது? பிரோஃபி, குட் என்ற ஆய்வாளர்கள் 1970இல் எழுதியது இன்றும் பொருந்தும்: நல்லா படிக்கிறவன் தடுமாறினால் ஆசிரியர் கேள்வியை மாற்றிக் கேட்கிறார், குறிப்பு கொடுக்கிறார், மற்றவன் தடுமாறினால் அடுத்தவரிடம் போய்விடுகிறார். நமக்கே தெரியாமல் செய்கிறோம்.

காத்திருக்கும் நேரமும் அப்படித்தான். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று மேரி பட் ரோவ் என்ற கல்வி ஆய்வாளர் கண்டார். மூன்று விநாடி பொறுத்தால் வாயே திறக்காதவர்களும் பேசுகிறார்கள். மனசுக்குள் எண்ணுங்கள், ரொம்ப நீளமாகத் தோன்றும்.

முந்தின நாளே "நாளைக்கு மூணாவது கணக்கை உன்னைத்தான் கேட்பேன்" என்று தனியாகச் சொல்லிவையுங்கள். "தெரியாது" என்றால் இன்னொருவரிடம் விடை வாங்கி, அடுத்த படியை மறுபடி அவனிடமே கேளுங்கள்.

சுலபமான கணக்குக்கு "பிரமாதம்" வேண்டாம். நம்மிடம் இவர் எதிர்பார்ப்பது இவ்வளவுதான் என்று அதிலேயே தெரிந்துகொள்வார்கள். "பகுதியைச் சமமாக்கினது சரி, தொகுதியைப் பெருக்கலை" என்பது போதும்.

வகுப்பாசிரியர்:
நன்றி. ஆண்டுத் தேர்வுக்குள் பலன் தெரியுமா?

பழைய பேரேடு:
மதிப்பெண்ணில் கொஞ்சம்தான் தெரியும். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பள்ளியில் ஹைமே எஸ்கலாண்டே என்ற கணக்கு ஆசிரியர் செய்ததை ஒரு வருஷ அதிசயம் மாதிரி சொல்வார்கள். அவர் அந்தப் பள்ளியில் சேர்ந்தது 1974. அவருடைய மாணவர்கள் 18 பேர் நுண்கணிதத் தேர்வில் தேறியது 1982. அப்போதும் நம்பாமல், காப்பியடித்தார்களோ என்று தேர்வு நடத்தியவர்கள் 14 பேர்மேல் சந்தேகம் கிளப்பினார்கள். 12 பேர் மறுதேர்வு எழுதித் தேறினார்கள்.

முதலில் மாறுவது வேறு: தப்பை அடித்துவிட்டுத் தானே திரும்பப் போடுவார்கள், அரைகுறை விடையை ஒளிக்காமல் கொண்டுவந்து காட்டுவார்கள். சில வாரத்தில் ஒரு சறுக்கலும் வரும், வேண்டுமென்றே வீட்டுப்பாடம் செய்யாமல் வருவார்கள். இவரும் நம்மை விட்டுவிடுவாரா என்று பார்க்கிற சோதனை அது. திட்டாமல், தள்ளுபடியும் செய்யாமல், அன்றைக்கே பக்கத்தில் உட்கார வைத்து முதல் இரண்டு கணக்கைப் போடச் சொல்லுங்கள். சாக்பீஸ் சொன்ன அந்தத் தினசரிப் பத்து நிமிடத்தை நீங்கள் அடிக்கடி தவறவிட்டால் ஆட்டம் குளோஸ்.

வருஷக் கடைசியில் அடுத்த ஆசிரியருக்கு ஆளுக்கு அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள்: எது தானாக வருகிறது, எங்கே நிற்கிறான், எந்தக் கேள்விக்கு வாய் திறப்பான். குணத்தைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.