மகளைக் கூடைப்பந்து விடுதிக்கு அனுப்பலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

கல்லிடை அப்பளக்கடை:

எல்லோருக்கும் வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கடை வைத்திருக்கிறேன். மூத்த மகள் எட்டாம் வகுப்பு, வயது 13, உயரம் இப்போதே 5 அடி 7 அங்குலம். பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆடுகிறாள். போன மாதம் பாளையங்கோட்டையில் நடந்த போட்டிக்கு நானும் போயிருந்தேன். அவள் ஆட்டத்தை முழுசாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கடைக்கு யாராவது வந்தால் உள்ளே ஓடி ஒளிகிற பிள்ளை, அங்கே மைதானத்தின் நடுவில் நின்று மற்ற நாலு பேரையும் அங்கே போ, இங்கே வா என்று சத்தம் போட்டு ஆட வைத்தாள். எனக்குப் பேச்சே வரவில்லை.

பி.டி. சார் அரசு விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அனுப்பச் சொல்கிறார். என் அம்மா ஒரே பிடியாக வேண்டாம் என்கிறாள். மகளோ ஃபோனில் அமெரிக்கப் பெண்கள் ஆடுகிற டபிள்யூ.என்.பி.ஏ. ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, நானும் அப்படித்தான் ஆவேன் என்கிறாள். நம் பக்கத்துப் பெண் ஒருத்தி கூடைப்பந்து ஆடிப் பிழைக்க முடியுமா? எத்தனை வயது வரை ஆடலாம்? கல்யாணம், குழந்தை என்று வந்தால் அதோடு முடிந்ததா?

பாளை 11:

அண்ணாச்சி, உங்கள் பதிவை ரெண்டு தடவை படித்தேன். நான் முக்கூடல் பக்கம். அம்மா பீடி சுற்றித்தான் எங்களை வளர்த்தாள். 2001-ல், உங்கள் மகள் வயதில், விடுதிக்குப் போனேன். மாநில அணிக்கு ஆடினேன். 21 வயதில் விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது. இன்றைக்கும் அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. பிழைக்க முடியுமா என்ற கேள்விக்கு என் பதில், முடியும். ஆனால் உங்கள் மகள் ஃபோனில் பார்க்கிற மாதிரி இல்லை.

அமெரிக்காவில் கிளப் சம்பளம் கொடுக்கும். இங்கே சம்பளம் கொடுப்பது அலுவலகம். ரயில்வே, போலீஸ், வருமான வரி என்று வேலை கொடுக்கிற இடங்கள்தான் நமக்குக் கிளப். காலையில் ஃபைல் பார்ப்போம், சாயங்காலம் பயிற்சி. தேசியப் போட்டிக்கு முன்னால் கேம்ப் போட்டால் அதற்கு விடுப்பு தருவார்கள். பெண்கள் தேசியப் போட்டியில் பெரும்பாலும் கோப்பை யாருக்கு என்று பாருங்கள், இந்திய ரயில்வே அணிக்குத்தான். நல்ல ஆட்டக்காரிகள் அங்கே வேலைக்குச் சேர்வதுதான் காரணம். வேலை கிடைக்க மாநில, தேசிய அளவில் ஆடிய சான்றிதழ் வேண்டும். அதற்கான வயது 16-லிருந்து 22 வரை. அதில் ஒரு வருஷம் போனாலும் பெரிய இழப்பு.

எனக்கு அப்படி ஒரு வருஷம் போனது. அதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மகளுக்கு அது நடக்கக் கூடாது.

16 வயதில் ஒரு போட்டியில் ரீபவுண்டுக்கு, அதாவது ரிங்கில் பட்டுத் திரும்புகிற பந்துக்கு, குதித்து இறங்கும்போது இடது முழங்காலில் படக்கென்று ஒரு சத்தம். என் காதில் விழுந்தது. சாயங்காலம் முட்டி பந்து மாதிரி வீங்கிவிட்டது. கூட வந்தவர்கள் சுளுக்கு என்றார்கள். லீவில் வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் போட்டுத் தடவுகிறவரிடம் அம்மா கூட்டிப் போனாள். மூன்று வாரம் தடவினார். நடக்க முடிந்தது, சரியாகிவிட்டது என்று திரும்ப ஆடினேன். திரும்பும்போது கால் தனியாக வழுக்கிக்கொண்டு போனது. அப்புறம் மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் முழுதாக அறுந்திருக்கிறது. ஆபரேஷன், பயிற்சி என்று திரும்ப மைதானத்தில் இறங்கப் பதினொரு மாதம் ஆனது.

அண்ணாச்சி, இந்த விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் பல மடங்கு அதிகமாக வருகிறது. யாரும் இடித்து வருவதில்லை. இறங்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோ முட்டி உள்பக்கமாக மடங்குவதால்தான் பெரும்பாலும் வரும். அதனால் ரிங்கில் பந்து போடுகிற ஷூட்டிங்கைச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் குதித்து இறங்கச் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். ரெண்டு காலிலும் சமமாக, முட்டியை மடக்கி, சத்தமில்லாமல் இறங்க வேண்டும். தொடைக்கும் இடுப்புக்கும் தனியாக வலுப் பயிற்சி வேண்டும். முட்டி வீங்கினால் தடவ விடாதீர்கள். நேராக எலும்பு டாக்டர்.

கல்யாணம், குழந்தை பற்றிக் கேட்டீர்கள். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை பற்றி உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். 1985-ல் பிறந்தவர். 19 வயதில் இந்திய அணிக்குக் கேப்டன். 2001-லிருந்து 2017 வரை ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப் ஆடினார், வேறு எந்த இந்தியப் பெண்ணும் அத்தனை ஆடியதில்லை. தெற்கு ரயில்வேயில் வேலை. 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். குழந்தை பெற்ற பிறகும் திரும்ப வந்து இந்தியாவுக்கு ஆடினார்.

2017 ஜூலையில் பெங்களூரில் ஆசியக் கோப்பை பி பிரிவு இறுதி ஆட்டம், கஜகஸ்தானோடு. எனக்கு அப்போது பிரசவமாகி நாலு மாதம். இனி ஆட வேண்டாம், வேலையை மட்டும் பார் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நேரம். நானும் ஏறக்குறைய சரி என்று சொல்லிவிட்டேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஃபோனில் அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். 75-73. ரெண்டே புள்ளியில் இந்தியா ஜெயித்தது. அந்த அணியில் ஒரு பிள்ளையின் அம்மா ஆடுகிறார், எனக்கு 29 வயதுதானே ஆகிறது என்று அழுகை வந்துவிட்டது. அடுத்த வாரம் மாமியாரிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் ஓடப் போனேன். அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஆடினேன்.

ஃபீனிக்ஸ் நெல்லைக்காரன்:

மேலே அக்கா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். எனக்குச் சொந்த ஊர் பேட்டை. 9 வருஷமாக இங்கே அமெரிக்காவின் ஃபீனிக்ஸில் டபிள்யூ.என்.பி.ஏ. ஆட்டத்தைக் காசு கொடுத்துப் பார்க்கிறேன். 1997-ல் தொடங்கிய லீக் இது. வசதியான வாழ்க்கை என்று தங்கச்சி நினைத்திருக்கலாம். 2024-ல் புது ஆட்டக்காரிகளை அணிகள் தேர்ந்தெடுத்ததில் கெய்ட்லின் கிளார்க் முதல் ஆளாகத் தேர்வாகி வந்தபோது லீக் சம்பளம் அந்த வருஷத்துக்கு 76,535 டாலர்தான். ஆண்கள் லீக்கான என்.பி.ஏ.வில் புதிதாக வருகிறவர் வாங்குவதோடு ஒப்பிடவே முடியாது. அதனால் பல பேர் சீசன் முடிந்ததும் துருக்கி, சீனா என்று போய் ஆடுவார்கள். எங்கள் ஊர் அணியின் டயானா டாரசிக்கு 2015-ல் அவருடைய ரஷ்யக் கிளப்பே பணம் கொடுத்து, அந்த வருஷம் அமெரிக்காவில் ஆடாமல் ஓய்வெடுக்கச் சொன்னது. அவரும் ஓய்வெடுத்தார். உடம்பு அவ்வளவு களைத்துப் போகிறது.

கேரளாவின் கீத்து அன்னா ஜோஸ், 6 அடி 2 அங்குலம். ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் கிளப்புக்கு ஆடினார். 2011-ல் மூன்று டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் அவரைத் தேர்வுக்கு அழைத்தன. இடம் கிடைக்கவில்லை, ஆனால் அந்த வாசல் வரை நம் தெற்கத்திப் பெண் ஒருத்தி போயிருக்கிறார். தங்கச்சி ஆசைப்படட்டும், தடுக்காதீர்கள்.

பி.டி. வாத்தியார், பாளை:

ஐயா, நடைமுறை விஷயம் மட்டும். விடுதிக்கு 7, 8, 9, 11 வகுப்புகளில் சேர்ப்பார்கள். சாப்பாடு, தங்குவது, பயிற்சி எல்லாம் அரசு செலவு. பிறப்புச் சான்றிதழில் பெயரும் தேதியும் பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று இன்றே பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் பின்னால் அலைய வேண்டியிருக்கும். குடியரசு தினப் போட்டி, முதலமைச்சர் கோப்பை என்று எதில் ஆடினாலும் சான்றிதழை வாங்கி ஃபைலில் வையுங்கள்.

அப்புறம் பந்து. பெண்களுக்கு 6-ம் அளவு, சுற்றளவு 28.5 அங்குலம். நம் ஊர் மைதானங்களில் பையன்களின் 7-ம் அளவுப் பந்தைத்தான் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். பெரிய பந்தில் பழகினால் ஷூட்டிங்கில் தோளால் தள்ளுகிற பழக்கம் வந்துவிடும், மாற்றுவது கஷ்டம். ஒரு 6-ம் அளவுப் பந்து வாங்கிக் கொடுங்கள்.

பாளை 11:

சார் சொன்னது சரி. நான் ஒன்றை விட்டுவிட்டேன். 5 அடி 7 அங்குலம் என்றால் கல்லிடையில் உயரம். தேசியப் போட்டியில் அது கார்டு, அதாவது ரிங்கிலிருந்து தள்ளி நின்று பந்தைக் கொண்டுபோகிற இடத்தில், ஆடுகிறவரின் உயரம். உயரமான பிள்ளை என்று இப்போது ரிங்குக்கு அடியிலேயே நிறுத்திவிடுவார்கள். மற்றவர்கள் வளர்ந்த பிறகு அவளுக்குப் பந்தைக் கொண்டுபோகவும் தெரியாது, ரிங்குக்கு அடியில் நிற்கவும் உயரம் போதாது. நாலு பேரைச் சத்தம் போட்டு ஆட வைத்தாள் என்று எழுதினீர்களே, அது பாயிண்ட் கார்டின் வேலை. தினமும் இடது கையால் பந்தைத் தட்டிப் பழகச் சொல்லுங்கள்.

கல்லிடை அப்பளக்கடை:

தங்கச்சி, சார், தம்பி, எல்லோருக்கும் நன்றி. ராத்திரி அம்மாவுக்கு முழுசாக வாசித்துக் காட்டினேன். அந்தப் பத்மஸ்ரீ பெண்ணின் பிள்ளையை ஆட்ட நேரத்தில் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. தேர்வுக்குப் பேர் கொடுத்துவிட்டோம். பந்து வாங்க நாளைக்கு ஜங்ஷன் போகிறேன்.

மகள் ஒன்று கேட்கச் சொன்னாள். விடுதியில் வீட்டு ஞாபகம் வந்தால் அத்தை என்ன செய்வீர்கள் என்று.

பாளை 11:

வரும் தாயி. முதல் மாதம் தினமும் வரும். எங்கள் விடுதி வாசலில் ஒரு ரூபாய் காசு போடுகிற ஃபோன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்போம். எங்கள் வீட்டில் ஃபோன் கிடையாது, தெருமுனைப் பலசரக்குக் கடைக்குத்தான் அடிப்பேன். கடைக்காரர் அம்மாவைக் கூப்பிட ஆள் அனுப்புவார். அவள் பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு ஓடி வருவதற்குள் காசு தீர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு வாரமும் ரெண்டு காசு கொண்டுபோனேன். முதல் காசு அவளைக் கூப்பிட, ரெண்டாவது பேச.